குழாய் போடும் முன்

குழாயை உள்ளே விட்டுவிட்டால் பேச முடியாது, பேச வேண்டியதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் திரைக்கு அப்பால் போய் நின்றார்.

தையல்காரர் மனைவியின் கட்டிலருகே வந்து நின்றார்.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல்தான் சொல்லியிருந்தார். சளி கட்டி அவர் மனைவியின் நுரையீரல் ஓய்ந்துவிட்டது. வென்டிலேட்டர் போட்டால் அவளுக்காக அது மூச்சு விடும், உடம்பு கொஞ்சம் இளைப்பாறும். ஆனால் அது தள்ளுகிற காற்றே நைந்த நுரையீரலைக் கிழித்துவிடலாம், புதுக் கிருமியும் ஏறலாம். இந்த நிலையில் போட்டவர்களில் பாதிப் பேர்தான் பிழைத்து வீடு திரும்புகிறார்கள்.

போடாமல் முகமூடியோடு பொறுத்துப் பார்த்தும் சிலர் தேறியிருக்கிறார்கள். சிலர் பொறுத்துப் பார்த்தே கைநழுவிப் போயிருக்கிறார்கள். இவள் எந்தப் பக்கம் என்று சொல்ல எந்த ஆராய்ச்சியும் இல்லையாம்.

ஊருக்கெல்லாம் அளவெடுத்தவருக்கு இதில் எங்கே கத்தரி வைப்பது என்று தெரியவில்லை.

அவள் நினைவோடுதான் இருந்தாள். போட்டுக்கொள்ளச் சம்மதமா என்று அவளைக் கேட்கும்படி அவர் நர்ஸிடம் சொன்னார். பாவம், பயந்த மனுஷர் என்று நினைத்து நர்ஸும் கேட்டாள்.

அவள் முகமூடியை விலக்கினாள். நர்ஸைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா போட்டுக்கறேன்."

அவர் ஆடிப்போனார். வாய் திறந்தது. ஆனால் பழக்கம் முந்திக்கொண்டது.

"போட்டுக்கச் சொல்லுங்க சிஸ்டர்."

அவள் முகமூடியைத் தானே சரிசெய்துகொண்டு கண்ணை மூடினாள்.

இப்போது இயந்திரம் அவள் மார்பைத் தூக்கி இறக்குகிறது. மருந்து மயக்கம்.

எப்போதோ ஒரு நாள், வாடிக்கையாளர் முன்னால், அவர் தைத்த சட்டையின் காலர் கோணல் என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. சோறு ஆறுகிறது என்பதை மகள்தான் வந்து சொல்வாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு சுவரிடம் சொன்னார்கள். யார் முதலில் இறங்கி வருவது என்று இரண்டு பேருக்கும் வீம்பு.

இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அவள் இறங்கி வந்திருந்தாள்.

அவர் அவள் காதருகே குனிந்தார். காலர் கோணல்தான் என்றார். சத்தமாக இன்னொரு முறையும் சொன்னார்.

இப்போது கேட்காது ஐயா, மயக்கம் தெளிந்ததும் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள் நர்ஸ்.

வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார் அவர்.

தெளியுமா என்று மட்டும் அவர் யாரையும் கேட்கவில்லை.