சூடானால் நிற்கும் வண்டி

"வண்டி மேல தப்பில்லைங்க. முன்னாடி ஓட்டிட்டிருந்தவன் சரியில்லை. அவன் கெடுத்ததுதான் எல்லாம்," என்றார் வண்டிக்காரர். ஒர்க்‌ஷாப் முதலாளியைப் பார்த்துத்தான் சொன்னார். பிக்கப்பின் முன்னால் நின்ற மெக்கானிக் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கயிறு கட்டி இழுத்துவந்த வண்டி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. மெக்கானிக் பானெட்டின் இடது ஓரத்தை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, லேசாக வலது பக்கம் தள்ளித் தூக்கினான். அது திறந்துகொண்டது.

"டிரைவரா வெச்சிருந்தீங்களா?" முதலாளி கேட்டார்.

வண்டிக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ம்... ஓட்டிட்டிருந்தான். மேம்பாலத்துல நடு ரோட்டுல நிறுத்திட்டான். பின்னால வந்த பஸ் இடிச்சு, பக்கத்துல உக்காந்திருந்த என் வீட்டுக்காரிக்குக் கை முறிஞ்சுது. கேட்டா, தானா நின்னுடுச்சுங்கறான்."

"தானா நிக்கறதுக்கு அது என்ன எருமை மாடா? தூங்கியிருப்பான்."

"அதைத்தான் நானும் சொன்னேன். போடா வெளியேன்னு அனுப்பிட்டேன்."

மெக்கானிக்கின் கையிலிருந்த டார்ச் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு பாட்டரி, ஃப்யூஸ், எர்த் ஒயர் என்று ஒவ்வொன்றாக நகர்ந்தது.

"இப்போ யாரு ஓட்டுறது?"

"நான்தான்." கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எனக்கும் நிக்குது."

முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, வண்டியோட கம்ப்யூட்டர்தானே? நேரா அதைக் கழட்ட வேண்டியதுதானே?"

"மத்ததெல்லாம் பாத்துட்டுத்தான் சொல்லணும். எடுத்த எடுப்புல பழி போடக் கூடாது."

"பேசிட்டான்யா!" முதலாளி வண்டிக்காரரைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "வாயைத் திறக்கவே மாட்டான், ஆனா வேலை சுத்தம். சேரும்போதே, இந்தக் கம்ப்யூட்டர் வேலையைத்தான் முதல்ல கத்துக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னான்."

வண்டிக்காரர் தரையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லா இடத்துலயும் கைய விரிச்சிட்டாங்க. இங்க போனாத்தான் ஆகும்னாங்க. இங்க யாரு என்னன்னு தெரியாமத்தான் வந்தேன்."

ஆறிப்போயிருந்த வண்டி சாவியைத் திருப்பியதும் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. மெக்கானிக் கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டிவிட்டு, இஞ்சினின் ஓரத்திலிருந்த அலுமினியப் பெட்டியின் மேல் சூடான காற்றை அடித்தான். சற்று நேரத்தில் ஸ்கேனர் திரையிலிருந்த எழுத்துகள் மறைந்தன. யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல இஞ்சின் நின்றது.

"இதுதான் வண்டியோட கம்ப்யூட்டர்," என்றான் மெக்கானிக். "சூடானா உள்ள ஒரு இணைப்பு விட்டுப்போகுது. ஆறினா சேந்துக்குது. அதனால எங்க கொண்டுபோய்க் காட்டினாலும் கோளாறே இல்லாத மாதிரி இருக்கும்."

வண்டிக்காரர் முதலாளியிடமே கேட்டார். "கண்டபடி ஓட்டினா இப்படி ஆகுமான்னு கேளுங்க."

"ஆகாது." மெக்கானிக் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தான். "யாரு ஓட்டினாலும் நிக்கும்."

முதலாளி உச்சுக் கொட்டினார். "அடப் பாவமே! அப்போ அந்தப் பையன் சொன்னது நிஜம். யாரு பெத்த புள்ளையோ, இப்போ எங்க கெடந்து சிரமப்படுதோ!"

வண்டிக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று.

மெக்கானிக் பாட்டரி ஒயரைக் கழற்றினான். பழைய பெட்டியை எடுத்துவிட்டு, முதலாளி அலமாரியிலிருந்து கொடுத்த புதியதைப் பொருத்தினான். ஒயரை மறுபடி மாட்டி, வண்டியின் சேஸிஸ் எண்ணை ஸ்கேனர் வழியாக ஏற்றினான்.

"சாவி எல்லாத்தையும் குடுங்க," என்றார் முதலாளி. "புதுக் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு சாவியையும் அடையாளம் காட்டணும். இப்போ காட்டாத சாவி இனிமே கதவைத்தான் திறக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாது."

வண்டிக்காரர் இரண்டு சாவிகளை மேஜைமேல் வைத்தார்.

"இவ்வளவுதானா?"

"இன்னொண்ணு... அவன்கிட்ட இருக்கு."

"நல்லதாப் போச்சு, விட்டுடலாம். அதை வெச்சு அவன் முதுகு சொறிஞ்சுக்கட்டும்!"

மெக்கானிக்கின் கட்டைவிரல் ஸ்கேனர் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

வண்டிக்காரர் அந்த இரண்டு சாவிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாங்க. விட்டுடாதீங்க. அதையும் சேத்துத்தான் முடிக்கணும்."

"அவ்வளவு பேசி அனுப்பிட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க போய்க் கேப்பீங்க?"

"அதான் தெரியலை." அவர் தலை நிமிரவில்லை.

மெக்கானிக் தன் இடுப்பில் தொங்கிய கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினான். மேஜைமேல் இருந்த இரண்டின் பக்கத்தில் அதை வைத்தான்.

"அம்மாவுக்குக் கை இப்போ பரவாயில்லையாப்பா?"