துணைக்கு வந்தவர்

“மச்சான், நான் வீட்டுக்குப் போறேன் லா. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.”

எழப் போன பக்கிரிசாமியைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார் இராமலிங்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தத் தொண்டை ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் நல்ல கூட்டம். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தங்கை தங்கமணியின் கணவரான இராமலிங்கத்தைத் துணைக்கு அழைத்து, கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார் பக்கிரிசாமி. வந்ததிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அறுபது வயசுல இப்படியா பயப்படுவ?” மச்சானின் காதருகே குனிந்து கேட்டார் இராமலிங்கம். அடுத்தவருக்குத் தைரியம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“பயம் இல்ல மச்சான். வயசானா ஆம்பளைக்கு ஹார்மோன் கொறையுமாம். குரல் மாறத்தானே செய்யும்?”

“ஹார்மோன் கொறைஞ்சா விழுங்கறப்போ வலிக்குமா? சும்மா சாக்கு சொல்லாத.”

“சிகரெட்டை விட்டா தானா சரியாயிடும்.”

“விட்டியா?”

பக்கிரிசாமி தலையைச் சொறிந்தார். தங்கமணி அண்ணனுக்காகக் கொடுத்தனுப்பிய ஃபிளாஸ்க்கைத் திறந்து, இராமலிங்கம் இன்னொரு மடக்கு வெந்நீர் குடித்தார்.

“கேன்சர்னு சொல்லிட்டா என்ன பண்றது? தெரியாமலே இருந்துடலாமே, மச்சான்.”

இராமலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “மடத்தனமா பேசாத! ஆரம்பத்துலயே பார்த்தா குணமாக்கிடலாம். வீட்டுல பொண்டாட்டி தூங்காம கிடக்குறது உன் கண்ணுக்குத் தெரியலையா? அவளுக்காகவாவது உள்ள போக வேணாமா?”

“கண்டிப்பா போகணும்னு சொல்றீங்களா?”

“போய்த்தான் ஆகணும்!”

அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் திறந்தாள். “மிஸ்டர் இராமலிங்கம்!”

“பேரை மாத்திச் சொல்றாங்க பாரு,” என்றார் இராமலிங்கம், கரகரத்த குரலில்.

பக்கிரிசாமி கழுத்துத் துண்டை அவிழ்த்து மடித்து வைத்தார்.

“மாத்தல மச்சான். உங்க பேர்லதான் பதிஞ்சு வச்சிருக்கேன். என் தொண்டை நல்லாத்தான் இருக்கு. இவ்வளவு நேரம் நான் சொன்ன சாக்கெல்லாம், மூணு மாசமா நீங்க தங்கமணிகிட்ட சொன்னது. தூங்காம கிடக்குறதும் அவதான்.”

இராமலிங்கம் புதிதாக ஒரு சாக்கைத் தேடினார். இருந்த எல்லாச் சாக்குக்கும் அவரே பதில் சொல்லி முடித்திருந்தார். அவரையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, நீயும் உள்ள வா லா,” என்று மச்சானின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.