முழங்காலுக்குக் கீழே

கண்ணை இறுக மூடி, கைகளைக் கோத்துக்கொண்டு, உதடுகள் மட்டும் அசைய உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். ஸ்கேன் படம் கம்ப்யூட்டரில் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. அவள் வேண்டுகிற வேகத்தைப் பார்த்து பிசியோதெரபிஸ்டுக்கே பாவமாகப் போய்விட்டது.

அடுத்த வாரம் நெடுந்தூர ஓட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். தேறினால் பயிற்சி முகாம், அப்புறம் உத்தியோகம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் மயிரிழை அளவு கீறல் விழுந்திருந்தாலும் அத்தனையும் போச்சு.

"இவளுக்கு வெறி, மேடம்" என்றான் பக்கத்தில் நின்ற அண்ணன். பயிற்சி கொடுப்பவனும் அவன்தான். ஆஸ்பத்திரிக்கு வரும்போதுகூடக் கழுத்தில் விசில் தொங்கியது.

"புது ஷூ வாங்கிக் கொடுத்தேன், பெட்டியைக்கூடப் பிரிக்கல. தேஞ்சு போனதையே மாட்டிக்கிட்டு ஓடுறா. மண் தரை இருக்கு, இவளுக்கு சிமெண்ட் ரோடுதான் வேணும். நான் ஒரு தூரம் சொன்னா, எனக்குத் தெரியாம இன்னொரு மடங்கு ஓடிட்டு வர்றா."

"சாப்பாடு?"

"எங்க சாப்பிடுறா? குருவி மாதிரி கொறிக்கிறா."

பிசியோதெரபிஸ்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் தடவை வலி என்று வந்தபோதே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருந்தாள். அந்தப் பெண்ணும் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். இவ்வளவு கவனமாகக் காது கொடுக்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று வீட்டில் போய்ப் பீற்றிக்கொண்டதுகூட உண்டு. கடைசியில் எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

"என்னம்மா இது? தூரத்தைத் திடீர்னு கூட்டாதே, கெட்டித் தரையில ஓடாதே, தேஞ்ச ஷூ ஆகாது, வயித்தைக் காயப்போட்டா எலும்பு வலுவிழந்துடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும். உன் எலும்பு எம்மாத்திரம்?"

அந்தப் பெண் கண்ணைத் திறக்கவில்லை. "ஸ்கேன்ல என்ன வந்திருக்கு அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"திட்டாதீங்க மேடம். எங்க குடும்பமே அப்படித்தான்" என்று அண்ணன் சிரித்தான். "காய்ச்சலோ, பரீட்சையோ, எதுக்கும் எங்க வீட்ல ஓட்டத்தை நிறுத்த விடமாட்டாங்க. எனக்கு எலும்பு உடைஞ்ச அன்னிக்குத்தான் அப்பா என்னை விட்டாரு. இப்போ அவருக்கு இவ கால்தான் உயிர்."

படம் முழுசாகத் திறந்தது. பிசியோதெரபிஸ்ட் அதைப் பெரிதாக்கி மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள். டாக்டர் எழுதியிருந்ததையும் படித்தாள்.

"கீறல் இல்ல. எலும்பைச் சுத்தி வீக்கம்தான். ஆனா கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தா நல்லது."

"நல்லதுன்னுதானே சொல்றீங்க? கட்டாயம்னு சொல்லலையே?" என்று மடக்கினான் அண்ணன்.

எலும்பில் கீறல் இல்லாதபோது இவனிடம் தன் பேச்சு எடுபடாது என்று பிசியோதெரபிஸ்டுக்குத் தெரியும். "கட்டாயம்னு இல்ல, இருந்தாலும்..." என்று இழுத்தாள்.

"வயித்துல பாலை வார்த்தீங்க மேடம்! ஐஸ் வச்சு இறுக்கிக் கட்டிட்டா பறந்துடுவா." அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். "அப்பா, ஒண்ணுமே இல்லப்பா! சாயங்காலமே ஓட விடுறேன்!" வராந்தா முழுக்க அவன் குரல்தான்.

அந்தப் பெண் இப்போதுதான் கண்ணைத் திறந்தாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. திட்டியது தப்போ என்று தோன்ற, பிசியோதெரபிஸ்ட் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதேம்மா. நீ வேண்டிக்கிட்டது பலிச்சிடுச்சு. எலும்பு தப்பிச்சது."

அந்தப் பெண் கதவைப் பார்த்தாள். அண்ணன் இன்னும் போனில்தான் இருந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க கூடாதுன்னு சொன்னது எல்லாத்தையும் செஞ்சுட்டேன் அக்கா... இன்னும் என்ன செஞ்சா உடையும்?"