வகுத்த பின்னும் மிஞ்சின எண்

பொறந்த அன்னைக்கே ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் வகுபடாத ஒரு பெரிய எண் குடுத்துருவாங்க. வீட்டுல உள்ளவங்க எண்ணையெல்லாம் பெருக்கினா வர்றதுதான் அந்த வீட்டுக் கதவோட எண்.

புருஷன் தவசி செத்து பதினாறு கழிஞ்சதும், அவரு எண்ணை எடுத்துவிட வார்டு ஆபீசுலேருந்து இசக்கியப்பன் வந்தான். செண்பகம் பக்கத்துல நின்னா. கதவு பூரா இலக்கங்க மழைத்தண்ணி மாதிரி வழிஞ்சு இறங்குச்சு.

"யக்கா, அவரு எண்ணால வகுத்தாச்சு. உங்க எண்ணு மட்டும்தானே மிஞ்சணும்? இது ரெண்டு மடங்கு நீளமால்லா இருக்கு!"

"ஒழுங்கா வகுத்தியாடே?"

"மீதியே வரலக்கா."

அவ எண்ணாலயும் வகுத்துப் பாத்தான். இன்னொரு எண் முழுசா வந்து நின்னுச்சு. பேரு இல்ல. ஆறு நாள் இருந்த பொம்பளப் புள்ளன்னு மட்டும் காட்டுச்சு.

செண்பகம் கதவுல கைய வச்சா. இலக்கமெல்லாம் அவ விரல் மேல ஓடுச்சு. அவ பெத்துப் பறிகொடுத்த அந்தப் புள்ளையப் பத்திப் பத்தொம்பது வருஷமா தவசி வாயே திறந்ததில்ல. கல்நெஞ்சுக்காரன்னு இவ திட்டாத நாளில்ல. அந்த மனுஷன்தான் யாருக்கும் தெரியாம இதையும் திரும்பப் பெருக்கி வச்சிருக்காரு.

"இதையும் எடுத்திரவாக்கா?"

"தொடாத. வீட்டுல ரெண்டு பேருன்னே போட்டுக்கோ."