இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மின்விசிறி நின்றது.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. லேப்டாப்பில் வரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மூலையில் பேட்டரி முப்பத்து நான்கு.

கீழ்வீட்டு வளர்மதி அக்கா ஜன்னலுக்கு நேராக நின்று கூவினார்.

"இன்னிக்கு ஷட்டவுன் கண்ணு. இனி அஞ்சு மணிக்குத்தான் கரண்ட்டு. மோட்டார் போட்டுட்டியா?"

போடவில்லை. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்துவது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். மூன்று நாளாக வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

கட்டிலில் இருந்து கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நரம்பு நோய். பேச்சு போனது. கால்கள் போயின. கைகள் போயின. மிச்சம் கண்களும் வலது கட்டைவிரலும். கட்டைவிரலைப் பற்றியும் டாக்டர் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

படிப்பு மட்டும் நிற்கவில்லை.

எதிரே ஸ்டாண்டில் அவனுடைய பழைய இ-ரீடர். போன் திரை ஆகாது. வெளிச்சத்தில் கண்ணீர் வழியும், துடைத்துக்கொள்ளக் கை வராது. பக்கம் முடிந்ததும் கண்களை ஒரு முறை இறுக்க மூடித் திறப்பான். அருகில் நின்று கூடவே படிக்கும் அவள் திரையைத் தொட்டுப் புரட்டுவாள். எட்டு மாதமாக இப்படித்தான்.

கண் மூடுவதற்குச் சத்தம் கிடையாது.

போன வாரம் துணி துவைத்துவிட்டு வந்தாள். அவன் அதே பக்கத்தில் இருந்தான். நாற்பது நிமிடம். தலையணை நனைந்திருந்தது.

அன்றைக்கு அழுது முடித்துத்தான் இதில் இறங்கினாள்.

விரல் பட்டாலே போதும் என்கிற பொத்தான் ஒன்று கிடைத்தது. இ-ரீடரில் செருகினால் அதற்கு இது யாரென்றே தெரியவில்லை. பொத்தானைப் புரிந்துகொள்கிற மாட்யூல் என்கிற நிரல்துண்டு உள்ளே இல்லை. அவளே ஒன்று செய்து கொடுத்தாள். கருவியை எழுப்பி ஓட்டுகிற கெர்னல் அதைச் சேர்க்க மறுத்துவிட்டது. இரண்டும் ஒன்றாகக் கம்பைல் ஆகி, ஒரே வார்ப்பில் வந்திருக்க வேண்டுமாம். என்ன ஒரு வீம்பு.

சரி, கெர்னலையே புதிதாகச் செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தாள். மென்பொருள் வேலையில்கூட அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை.

இருபத்தாறு.

பத்தொன்பது.

திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். எழுத்தே தெரியவில்லை.

பதினொன்றில் வரிகள் நின்றன. பிழை எதுவும் இல்லை. புதிய கெர்னல் தயார்.

புத்தியுள்ளவர்கள் ஐந்து மணிவரை பொறுத்திருப்பார்கள். பழைய கெர்னலின் நகல் அவளிடம் இருக்கிறது. ஆனால் கருவி எழவே இல்லையென்றால் நகலை உள்ளே அனுப்ப வழியில்லை. புதியதைக் கருவிக்குள் எழுதும்போது பாதியில் லேப்டாப் அணைந்தால் முடிந்தது கதை.

அவனைப் பார்த்தாள். அவன் கட்டைவிரல் போர்வைமேல் லேசாக அசைந்தது.

எழுதினாள்.

ஏழு சதவீதத்தில் எழுதி முடிந்தது. வயரைப் பிடுங்கினாள். அதே துளையில் பொத்தானைச் செருகினாள். பொத்தானை அவன் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துப் பட்டையால் கட்டினாள். இ-ரீடரை ஸ்டாண்டில் மாட்டி, பவர் பட்டனை அழுத்தினாள்.

திரையில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். நேற்று இருவரும் படித்து நிறுத்திய இடம். கதையில் ஒருத்தி பூட்டிய கதவின்மேல் கை வைத்து நிற்கிறாள்.

அந்தப் பக்கம் திரையை விட்டுப் போகவில்லை.

இந்தத் திரை அப்படித்தான். உயிர் போனாலும் கடைசியாகக் காட்டியதைக் காட்டிக்கொண்டே இருக்கும். எழுந்தால் முதலில் கம்பெனியின் படம் வரும். அதற்குத்தான் காத்திருந்தாள்.

படம் வரவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு.

மறுபடி பட்டனைத் தொடப் பயமாக இருந்தது.

மூன்று.

"போச்சுடா," என்றாள். "நானே கெடுத்துட்டேன்."

அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மோட்டார் போடாத வீடு. சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கிற தைரியம் வர வெகுநேரம் ஆனது.

திரும்பி வந்தபோது திரையில் கதவும் இல்லை, கையும் இல்லை.

இருநூற்றுப் பதினாறு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் அழுந்தியது. இருநூற்றுப் பதினேழு.

படம். கெர்னலுக்கு இடம் போதவில்லையென்று நேற்று முன்தினம் அந்தப் படத்தைத் தூக்கி எறிந்ததே அவள்தான். இனி எழும்போது எதுவும் வராது. எழுந்து, விட்ட பக்கத்தையே திறந்து காட்டும். அவன் கண்ணெதிரிலேயேதான் எழுந்திருக்கிறது. அவன் எப்படிச் சொல்வான்?

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆசை தீரப் புரட்டட்டும். இனி துணி துவைக்கலாம், கடைக்குப் போகலாம். அவன் அவளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நினைத்தபடியேதான் நடந்தது. இருந்தும் எங்கோ வலித்தது.

கட்டைவிரல் பொத்தானிலேயே நின்றது. நீண்ட அழுத்தம். அப்படி அழுத்தினால் பின்னால் போகும்படி செய்து வைத்ததும் அவள்தான்.

இருநூற்றுப் பதினாறு. பதினைந்து. பதினான்கு.

பதின்மூன்று.

அங்கே நிறுத்தினான். கண்களைத் திரையிலிருந்து எடுத்து அவள்மேல் வைத்தான்.

அவள் இன்னும் படிக்காத பக்கம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். கதையில் கதவு திறந்தது. கதவருகே நின்றவள் எதிர்பார்த்த ஆள் உள்ளே இல்லை. கடைசி வரிவரை அவசரப்படாமல் படித்தாள்.

அவன் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கண்களை ஒரு முறை இறுக்க மூடித் திறந்தாள்.

பக்கம் புரண்டது.