வாசப்படி தாண்டாத குப்பி

"முடியாது சார். என் நாய் மேல அந்த மருந்தை ஊத்த விட மாட்டேன்."

கணக்கு டீச்சர் இப்படிப் பட்டென்று சொன்னதும், கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குடியிருப்புக்காரர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? மாடிப்படியெங்கும் தெள்ளுப்பூச்சி. முதல் மாடிக் கைக்குழந்தையின் காலெல்லாம் சிவந்த தடிப்பு. பார்க்கச் சகிக்காமல் செக்ரட்டரி பொதுச் செலவிலேயே மருந்து வாங்கி வந்துவிட்டார். பிடரியில் ஒரு குப்பியை ஊற்றினால் மாதம் முழுக்க நிம்மதி. மற்ற நாய்களுக்கெல்லாம் ஊற்றியாகிவிட்டது. பாக்கி, தரைத்தளத்து டீச்சரின் சுருட்டை மட்டும்தான்.

"எங்க நாய்க்குப் போட்டோமே, என்ன கெட்டுப்போச்சு? ஜம்முனு இருக்கு" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"சந்தோஷம்க்கா. உங்க நாய், உங்க இஷ்டம்."

"உங்க நாய்ப் பூச்சி என் குழந்தையைக் கடிக்குதே, அதுவும் உங்க இஷ்டம்தானா?" கைக்குழந்தைக்காரி கேட்டாள். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது.

"உன் கோபம் நியாயம்மா. அதனாலதான் ரெண்டு வேளையும் பேன் சீப்பால வாரி, வர்ற பூச்சியை எல்லாம் சோப்புத் தண்ணியில முக்குறேன். அது படுக்கிற துணியைக் கொதிக்கிற தண்ணியில போட்டுத் துவைக்கிறேன். மாடிப்படியையும் நானே கூட்டுறேன். இன்னும் என்ன செய்யணும் சொல்லு, செய்யறேன். அந்த மருந்தை மட்டும் கேட்காதே."

"இயற்கைப் பைத்தியம் முத்திப்போச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்போ ஏதாவது மூலிகை எண்ணெயாவது தடவித் தொலைய வேண்டியதுதானே?" இது இன்னொரு குரல்.

"அதை நாய் நக்கித் தொலைச்சா? மூலிகைன்னு பேர் வச்சா எல்லாமே நல்லதாயிடுமா? நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

செக்ரட்டரி பொறுமையிழந்து, மேல்மாடியில் குடியிருக்கும் கால்நடை டாக்டரைப் பார்த்தார்.

"டாக்டர், நீங்களே சொல்லுங்க. நாய்க்கு இது கெடுதலா?"

"அப்படிச் சொல்ல முடியாது. எடைக்கு ஏத்த அளவுல போட்டா நாய்க்கு நல்ல மருந்துதான். சீப்பும் வெந்நீரும்கூட வேலை செய்யும். ஆனா விடாம செய்யணும், பலன் தெரிய நாளாகும்."

"அதுவரைக்கும் நாங்க சொறிஞ்சுக்கிட்டே இருக்கணுமா? மாத்திரையாவது கொடுக்கலாமே?"

"கொடுத்துப் பார்த்தோம். சுருட்டைக்கு வலிப்பு வந்துடுச்சு. மறுபடி கொடுக்க எனக்கே பயம்."

"அப்போ இந்தக் குப்பிதான் வழி. இல்லையா?"

டாக்டர் குப்பியை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலே எழுதியிருந்ததைப் படித்தார்.

"இதுல ஒரே ஒரு சிக்கல். பூனை இருக்கிற வீட்டுல இதை ஊத்தக் கூடாது. மருந்து போட்ட நாயோட ஒட்டிப் படுத்தாலே பூனைக்கு உடம்பு நடுங்கி உயிர் போயிடலாம். டீச்சர், நீங்க பூனை வளர்க்கறீங்களா?"

டீச்சர் கடைசி வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லை. நான் பூனை வளர்க்கலை."

"முடிஞ்சு போச்சு!" செக்ரட்டரி தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வெறும் வீம்பு, வேற ஒண்ணும் இல்லை. ஞாயித்துக்கிழமைக்குள்ள மருந்து ஊத்தணும். இல்லேன்னா நாயை வெளியே அனுப்பணும். சரின்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் மளமளவென்று உயர்ந்தன. கைக்குழந்தைக்காரியின் கைதான் முதலில்.

டீச்சர் எழுந்துவிட்டார்.

"நல்லாத் தூக்குங்க. நாயை அனுப்பணும்னா நானும் அதோடயே கிளம்பறேன். ஊர்ல வேற வீடா இல்லை? ஆனா நான் இருக்கிற வரைக்கும் இந்தக் குப்பி என் வீட்டு வாசப்படி தாண்டாது. யார் வந்து கேட்டாலும் சரி."

"இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை!" என்றார் செக்ரட்டரி. கைகளை எண்ணிக்கொண்டே வந்தவர் கடைசி வரிசையில் நின்றார். அங்கே ஒரு கை மட்டும் மடியை விட்டு எழவில்லை. அவருடைய மனைவியின் கை.

"உனக்குத் தனியா சொல்லணுமா? தூக்கு!"

அந்த அம்மா கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்றார்.

"வேணாங்க, உட்காருங்க" என்று டீச்சர் பதறினார். "நான் பார்த்துக்கறேன்."

"எனக்காக இன்னும் எத்தனை பேர்கிட்ட பேச்சு வாங்குவீங்க டீச்சர்? போதும்." எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காத அந்த அம்மா, கணவரை நேராகப் பார்த்தார். "அவங்க பொய் சொல்லலை. அவங்க வளர்க்கற பூனை இல்லைதான். ஆனா அவங்க வீட்டுல ஒரு பூனை இருக்கு. சுருட்டை வயித்துல தலை வச்சுத்தான் தூங்குது. நான் தினமும் போய்ப் பார்த்துட்டு வர்றேன். அது நம்ம பூனை."

"நம்ம பூனையா? அதுதான் ஓடிப்போச்சே!"

"ஓடிப்போகலை. சோபாவெல்லாம் முடின்னு சொல்லி, நீங்கதான் அதைச் சாக்குல கட்டி சந்தைக்குப் பின்னால வீசிட்டு வந்தீங்க. அவிழ்த்துத் தூக்கிட்டு வந்தவங்க டீச்சர். வெளியே தெரிஞ்சா உங்க மானம் போயிடுமேன்னுதான் இவ்வளவு நேரமா வாயை மூடிக்கிட்டு இருக்காங்க."