வேட்டைக்குப் போன பட்டாளத்து ரைபிள்

பட்டாளத்தில் காவல் காத்து ஓய்வு பெற்ற ரைபிள் ஒன்றை ஒரு வேட்டைக்காரர் ஆசையாக வாங்கினார். பட்டறையில் கொடுத்து, பெரிய வேட்டைத் தோட்டா உட்காரும்படி அதன் தோட்டா அறையைக் கடைந்து அகலமாக்கினார். தோளில் முட்டுக்கொடுக்கும், சிராய்ப்பு விழுந்த பழைய கட்டை போய், பளபளக்கும் தேக்குக் கட்டை வந்தது. ரைபிள் புதுமாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணே, ஜம்முனு இருக்கீங்க! உள்ளே இடமும் தாராளமா இருக்கு" என்றது புதிதாக வந்து உட்கார்ந்த தோட்டா.

"பட்டாளத்தை அடியோட மறந்தாச்சு தம்பி. இனிமே வேட்டைதான்" என்றது ரைபிள்.

அன்று சாயங்காலமே சோளக்காட்டுக்குள் ஒரு காட்டுப்பன்றி நுழைந்தது. வேட்டைக்காரர் குறி பார்த்தார். ரைபிளுக்குக் குழலெல்லாம் புல்லரித்தது. சுட வேண்டிய நேரத்தில் அதன் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நில்! யாரங்கே? நண்பனா, எதிரியா?"

பன்றி வெலவெலத்து நின்றது.

"அண்ணே, அது பன்றிண்ணே!" என்று தோட்டா பதறியது.

"சும்மா இரு. விசாரிக்காம சுட்டா யார் பதில் சொல்றது?"

பன்றி கொஞ்சம் யோசித்து, "நண்பன்தாங்க" என்றது.

ரைபிளுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. "நண்பன், போகலாம்!"

வேட்டைக்காரர் அழுத்து அழுத்தென்று அழுத்தியும் விசை அசையவில்லை.

பன்றி புதர்ப்பக்கம் திரும்பி, "எல்லாரும் வாங்க! கேட்டா நண்பன்னு சொல்லுங்க, போதும்" என்று கூவியது.

பெரிசும் சிறிசுமாகப் பன்றிகள் வரிசையாக வந்தன. ரைபிள் ஒரு குட்டியைக்கூட விடாமல் விசாரித்துத்தான் உள்ளே அனுப்பியது.